கையெழுத்துக்கு முன் ஐந்து ஆண்டுகள்: ஓசோன் உடன்படிக்கையும் இந்தியாவும்

1987-ஆம் ஆண்டில் உலகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. நார்வே பிரதமர் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் அமைந்த குழு, ஐக்கிய நாடுகள் சபைக்குத் தன் அறிக்கையைக் கொடுத்தது. பின்னால் வருகிற சந்ததியின் தேவைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வதுதான் 'வளங்குன்றா வளர்ச்சி' என்று அது விளக்கம் சொன்னது. அந்தச் சொல் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தது அதன் பிறகுதான். குழுவில் நம் நாட்டு நீதிபதி நாகேந்திர சிங்கும் ஒருவர். இது ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் 24 நாடுகளும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இது இரண்டாவது.

முதலாவதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைப் போட்டி வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. நான் எழுத வந்தது இரண்டாவதைப் பற்றி. ஏனென்றால் 'உலக நாடுகள் ஒன்றுகூடி' என்று நாம் எழுதுகிற வாக்கியத்துக்குச் சாட்சியாக நிற்கிற ஒப்பந்தங்கள் ரொம்பக் குறைவு. அவற்றில் இதுதான் முதலில் நிற்பது. ஆனால் 1987-இல் கையெழுத்திட்டவர்கள் பட்டியலில் இந்தியா இல்லை. சீனாவும் இல்லை. இந்தியா சேர்ந்தது 1992 ஜூன் 19-இல். இடையில் ஐந்து வருஷம் நம் நாட்டுக்கு முரண்டு பிடிக்கிற நாடு என்று பெயர். அந்த ஐந்து வருஷ முரண்டு இல்லாமல் போயிருந்தால் இந்த உடன்படிக்கை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் கட்சி.

நான் பட்டம் படித்தவன் அல்லன். குளிர்சாதன உதிரிபாகம் விற்கிற வியாபாரி. இந்த வாயுக்களின் சிலிண்டர்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக என் கடை வழியாகப் போய் வந்திருக்கின்றன. விற்கிற சரக்கின் பூர்வோத்திரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

குளிர்ந்த காற்று வந்த வழி

பழைய காலத்துக் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெதைல் குளோரைடு ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள். கசிந்தால் ஆளைக் கொல்லும், அல்லது கண்ணைக் கரிக்கும். வீட்டுச் சமையலறையில் வைக்க ஏற்ற சரக்கு அல்ல. 1928-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி என்பவரிடம், விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயு வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் சி.எஃப்.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் குளோரோஃப்ளோரோகார்பன். 1930-இல் விஞ்ஞானிகள் கூடிய சபையில் மிட்ஜ்லி அந்த வாயுவை வாய் நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஆளுக்கும் ஆபத்தில்லை, தீயும் பற்றவில்லை. (பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டுபிடித்ததும் இதே மனிதர்தான். ஒரே ஆளின் மூளையிலிருந்து இரண்டு!)

'ஃப்ரியான்' என்ற பெயரில் டூபாண்ட் கம்பெனி இதை விற்றது. பிரிட்ஜ், ஏர்கண்டிஷனர், ஸ்பிரே டப்பா, மெத்தை நுரை, எலெக்ட்ரானிக் பாகங்களைக் கழுவும் திரவம் என்று எங்கும் புகுந்தது. நம் மெக்கானிக்குகள் 'ஆர்-12' என்று சொன்னது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததைத்தான். இதன் பெரிய குணம், எதோடும் சேராது, அழியாது. பெரிய குற்றமும் அதுவே. மழையில் கரையாமல், மண்ணில் ஒட்டாமல், மெல்ல மெல்ல மேலே ஏறி ஓசோன் படலம் வரை போய்ச் சேர்கிறது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுகிறது. ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் தரைக்கு வரும். தோல் புற்றுநோய், கண்புரை, பயிர்ச் சேதம் எல்லாம் அதன் பின்னால் வரும்.

இதைக் கலிபோர்னியாவில் இருந்த ரோலண்ட், மோலினா என்ற இருவர் 1974-இலேயே எழுதினார்கள். மோலினா மெக்சிகோ நாட்டுக்காரர். தொழிற்சாலைக்காரர்கள் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை என்றும் சொல்லலாம். 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்து தொடர்ந்து அளந்துவந்த கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் தலைக்கு மேலே ஓசோன் பயங்கரமாகக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. முப்பது வருஷம் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு வேலையை, ஒரே மாதிரிக் கருவியால், நாள் தவறாமல் செய்து குறித்து வைத்த பேரேடு அது. அந்தப் பேரேடு இல்லாவிட்டால் மான்ட்ரியால் இல்லை.

மான்ட்ரியாலில் என்ன எழுதினார்கள்

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர் எகிப்து நாட்டின் முஸ்தபா டோல்பா. நாடுகளை விடாமல் துரத்தி உட்கார வைத்தவர் அவர்தான். 1986-இல் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அதை அளவாக வைத்து, முதலில் அந்த அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்துவது, அப்புறம் 20 சதவீதம் குறைப்பது, 1998-க்குள் பாதியாக்குவது என்று பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டன. தலைக்கு ஆண்டுக்கு 0.3 கிலோவுக்குக் கீழே பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்குப் பத்து வருஷத் தவணை. உடன்படிக்கையில் சேராத நாடுகளோடு இந்தச் சரக்கில் வியாபாரம் கிடையாது.

இந்த மூன்றாவது விதியை வியாபாரி என்ற முறையில் நான் மெச்சுகிறேன். வெளியே நின்று மலிவாகத் தயாரித்து உள்ளே இருப்பவனுக்கு விற்கிற வழியை அடைத்துவிட்டார்கள். ஆனால் வெளியே நிற்கிற ஏழை நாட்டுக்கு இது கழுத்தில் கத்தி.

இந்தியாவின் கணக்கு என்ன? உலகத்தின் சி.எஃப்.சி.யில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பணக்கார நாடுகள் செலவழித்தவை. அந்த 0.3 கிலோ வரம்பையே இந்தியா பக்கத்தில்கூட எட்டவில்லை. 1987-இல் நம் ஜனங்களில் எத்தனை பேர் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், தெருவுக்கு ஒன்றிரண்டு. மேலே போய்ச் சேர்ந்திருந்த குளோரின் அநேகமாக எல்லாம் அவர்கள் விட்டது. எங்கள் சமணக் குடும்பங்களில் இல்லறத்தார்க்கு 'பொருள் வரைதல்' என்று ஒரு விரதம் சொல்வார்கள். இன்ன அளவுக்கு மேல் எனக்கு வேண்டாம் என்று தானே கோடு போட்டுக்கொள்வது. இருக்கிறவன் வரையலாம். இல்லாதவன் எதை வரைவது?

பத்து வருஷத் தவணை கொடுத்திருக்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். தவணை என்பது பணம் அல்ல. பத்து வருஷம் கழித்துப் பழைய வாயுவை விடும்போது புதிய வாயு வேண்டும். அதைச் செய்கிற வித்தை டூபாண்ட் போன்ற சில கம்பெனிகளின் கையில், காப்புரிமையோடு இருந்தது. அவர்கள் சொன்னதுதான் விலை. அதாவது பழைய சரக்கை விற்று லாபம் பார்த்தவனே, அது கெடுதல் என்று ஆனபிறகு புதிய சரக்கையும் விற்று லாபம் பார்ப்பான். 1988 மார்ச்சில் டூபாண்ட் கம்பெனி சி.எஃப்.சி. தயாரிப்பைக் கைவிடப் போவதாக அறிவித்தது. மனம் மாறினார்களா, மாற்றுச் சரக்கு கைக்கு வரப்போகிறது என்று தெம்பு வந்ததா என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

லண்டன், 1990

1989 மார்ச்சில் மார்கரெட் தாட்சர் அரசு லண்டனில் ஒரு மாநாடு கூட்டியது. அங்கே சீனாவும் இந்தியாவும் ஒரே குரலில் பேசின. மாறுகிற செலவுக்கு ஒரு நிதி வேண்டும். அது தர்மப் பணமாக இல்லாமல், உடன்படிக்கையின் உள்ளேயே எழுதப்பட்ட கடமையாக இருக்க வேண்டும். இந்த இரண்டு நாடுகளையும் விட்டுவிட்டு ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்று மேல்நாட்டார் கணக்குப் போட்டார்கள். இந்த ஜனத்தொகை முழுக்கப் பழைய வாயுவில் பிரிட்ஜ் வாங்க ஆரம்பித்தால், அவர்கள் குறைப்பது அத்தனையும் வீண். நம் பக்கத்துப் பலம் அதுதான். வேறு பலம் நம்மிடம் இல்லை.

1990 ஜூன் கடைசியில் லண்டனில் உடன்படிக்கை நாடுகளின் இரண்டாவது கூட்டம். வி.பி.சிங் அரசில் சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்த மேனகா காந்தி இந்தியத் தரப்பில் போயிருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு வரைக்கும் அமெரிக்க வெள்ளை மாளிகை புதிய நிதிக்குச் சம்மதிக்கவில்லை. இன்றைக்கு ஓசோனுக்குக் கொடுத்தால், நாளைக்குப் புவி வெப்பத்துக்கும் கேட்பார்களே என்ற பயம். கடைசியில் ஜூன் மாதத்தில் இறங்கி வந்தார்கள். ஆனால் இந்த ஏற்பாடு வேறு எந்தச் சுற்றுச்சூழல் விஷயத்துக்கும் முன்மாதிரி ஆகாது என்ற பொருள்படும் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டுதான் வந்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் உடன்படிக்கையில் இருக்கிறது. அதன் விலை பின்னால்தான் தெரிந்தது.

நிதியோடு தொழில்நுட்பமும் பேச்சுக்கு வந்தது. நியாயமான, மிகச் சாதகமான நிபந்தனைகளில் தொழில்நுட்பம் தர வேண்டும் என்று எழுதினார்கள். இந்தியாவுக்கு அது போதவில்லை. பணமும் தொழில்நுட்பமும் வராவிட்டால் எங்களால் நிறைவேற்ற முடியாது என்பதையும் எழுத வேண்டும் என்று நின்றது. வளரும் நாடுகளின் நிறைவேற்றும் திறன் இந்த இரண்டும் ஒழுங்காக வருவதைப் பொறுத்தது என்ற வாசகம் அப்படித்தான் உள்ளே ஏறியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம்மவர்கள். இது வானத்தில் போடுகிற பணம். அளந்து எழுதாமல் விடலாமா?

மூன்று வருஷத்துக்கு 16 கோடி டாலர். சீனாவும் இந்தியாவும் சேர்ந்தால் ஆளுக்கு 4 கோடி வீதம் கூடி 24 கோடி. இதுதான் பேரத்தின் தொகை. உலக யுத்தச் செலவோடு பார்த்தால் தூசு. தொகையைவிட ஏற்பாடு முக்கியம். நிதியை நிர்வகிக்கும் குழுவில் 14 பேர்; ஏழு பேர் பணக்கார நாடுகளின் பக்கம், ஏழு பேர் வளரும் நாடுகளின் பக்கம். கருத்தொற்றுமை வராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. அதிலும் இரு பக்கத்திலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். உலக வங்கியில் பணம் போட்ட அளவுக்கு ஓட்டு. இங்கே அப்படி இல்லை. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் சரிக்குச் சரி உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஏற்பாடு இதற்கு முன் ரொம்ப அபூர்வம்.

சீனா 1991-இல் சேர்ந்தது. இந்தியா அடுத்த வருஷம். அதே 1991 முதல் 2000 வரை நைரோபியில் ஓசோன் செயலகத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து போன கே. மாதவ சர்மா. உடன்படிக்கையின் வரலாற்றை ஸ்டீபன் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். வெளியே நின்று பேரம் பேசிய நாட்டுக்காரர் உள்ளே போய்ப் பெட்டிச்சாவியைக் காத்தார் என்பது எனக்கு ஒரு சந்தோஷம்.

கடைத்தெருவில் நடந்தது

நிதி கொடுத்தது 'கூடுதலாக ஆகும் செலவு' மட்டும். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிட்ஜ் செய்கிற ஆலை ஆர்-12-ஐ விட்டு ஆர்-134ஏ-க்கு மாறினால் கம்ப்ரசர் மாறும், ஆயில் மாறும், வாயு ஏற்றுகிற கருவி மாறும். பழைய முறையில் ஆகியிருக்கும் செலவைக் கழித்து, மேலே ஆகிற வித்தியாசத்தை நிதி தரும். புதிய ஆலை கட்டிக்கொள்ளப் பணம் கிடையாது. கெட்டிக்காரத்தனமான விதி.

இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்தவை நான்கு கம்பெனிகள். அதில் ஒன்று நம் மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட். 1999-இல் இந்த நான்கு ஆலைகளின் தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்த 8 கோடியே 20 லட்சம் டாலர் என்று ஒப்பந்தமானது. 2010 கெடு. ஆனால் மருந்து உறிஞ்சிகளுக்கு வேண்டியதைத் தவிர, 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதியே இந்தியா தயாரிப்பை நிறுத்திவிட்டது. பதினேழு மாதம் முன்னதாக! முரண்டு பிடித்த நாடு என்று சொன்னார்களே, அந்த நாடு.

பெருமையோடு நிறுத்திவிட எனக்கு மனசில்லை. பெரிய ஆலைகளுக்குப் பணம் சீக்கிரம் வந்தது. தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிரிட்ஜ் பழுது பார்க்கிறவனுக்கு வரத் தாமதமாயிற்று. ஆர்-12 மலிவாகக் கிடைத்த காலத்தில் குழாயைச் சுத்தம் செய்யக்கூட அதையே ஊதி விடுவார்கள். ஒரு பிரிட்ஜுக்குத் தேவையானதைவிட வெளியே போனது அதிகம். புதிய வாயு வந்தபோது பழைய ஆயில் அதோடு ஒத்துப்போகவில்லை. கேஸ் அடித்த நாலாம் நாள் குழாய் அடைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். சமையல் வாயுவையே அடித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஆபத்து தெரியாமல் அல்ல, வயிற்றுக்காக. அப்புறம்தான் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் துணையோடு சிறு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வகுப்புகள் வந்தன. என் வாடிக்கையாளர்களில் சிலர் போனார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள் போகவில்லை. பயிற்சி பெற்றவன் வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கக் கற்றுக்கொண்டான். மற்றவன் ஆயிலோடு மல்லுக்கட்டி, கடைசியில் தொழிலையே விட்டான்.

2000-இல் இதற்கான சட்ட விதிகள் வந்தன. விற்கிறவன் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கள்ளச் சரக்கு இல்லாமல் இருக்குமா? பணக்கார நாடுகள் 1990-களின் நடுவில் நிறுத்தியதும் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்தில் போதைப்பொருளுக்கு அடுத்தபடி கடத்தல் சரக்கு இதுதான் என்று பேசப்பட்டது. நம் பக்கத்தில், நேபாளச் சுங்கத்துறை உரிமம் இல்லாத 74 டன் சி.எஃப்.சி.யைப் பிடித்து வைத்து, அதை என்ன செய்வது என்று சர்வதேசக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வேண்டிவந்தது.

ஆனால் திருட்டு ஒளியவில்லை. 2018-இல் விஞ்ஞானிகள், நுரைக்குப் பயன்படும் சி.எஃப்.சி.-11 காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று கண்டார்கள். யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் காற்றை அளக்கும் நிலையங்களின் கணக்கை வைத்து, பெரும்பகுதி கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து வருகிறது என்று 2019-இல் எழுதினார்கள். சீன அரசு சோதனை போட்டது. அளவு மறுபடி இறங்கியது. ஹாலியில் ஆரம்பித்த பேரேட்டு வேலையின் தொடர்ச்சிதான் இது.

நம் பக்கத்திலும் ஒரு கறை உண்டு. அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. ஆர்-22 தயாரிக்கும்போது பக்கவிளைவாக எச்.எஃப்.சி.-23 என்ற வாயு வரும். புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு வல்லது. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் இதை எரித்து அழித்தால் 'கார்பன் கிரெடிட்' என்று காசு. எரிக்கும் செலவு சொற்பம், வருகிற காசு ஏராளம். இந்தியாவிலும் சீனாவிலும் சில ஆலைகளுக்குக் கழிவே முதல் சரக்கானது. ஐரோப்பா 2013-இல் இதை வாங்குவதை நிறுத்தியது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, இனி உங்கள் சொந்தச் செலவில் எரியுங்கள் என்று உத்தரவிட்டது. மான்ட்ரியால் நிதியில் வித்தியாசத்தை மட்டும் கொடுத்ததற்கும், கியோட்டோவில் சந்தை விலை கொடுத்ததற்கும் உள்ள பேதம் இங்கேதான் தெரிகிறது.

வெப்பத்தின் கணக்கு

இன்று இந்த உடன்படிக்கையில் 198 தரப்புகள். உலகத்தில் ஒரு நாடும் பாக்கியில்லை. 2022-இல் வந்த மதிப்பீட்டின்படி, இதே ஒழுங்கு நீடித்தால் உலகின் பெரும்பகுதிக்கு மேலே ஓசோன் 2040 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும். வடதுருவத்துக்கு 2045, அண்டார்டிகாவுக்கு 2066 வாக்கில்.

புவி வெப்பத்தின் கதை இப்படிப் போகவில்லை. அமெரிக்கா 1990-இல் பயந்தது வீண் போகவில்லை. முன்மாதிரி ஆகாது என்ற அந்தப் பிரிவும் வீண் போகவில்லை. 2009-இல் கோபன்ஹேகனில், 2020-க்குள் ஆண்டுக்கு பத்தாயிரம் கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகையை எட்டியது 2022-இல் என்று அவர்கள் கணக்கே சொல்கிறது. அதிலும் பெரும்பங்கு கடன். எது புதுப் பணம், எது பழைய உதவிக்குப் புதுப் பெயர் என்று பார்க்க, ஏழுக்கு ஏழு உட்கார்ந்த குழு மாதிரி எதுவும் இல்லை. 2024 நவம்பரில் பாகு நகரத்தில் 2035-க்குள் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி டாலர் என்று தீர்மானத்தைச் சுத்தியலால் தட்டி முடித்தபோது, இந்தியப் பிரதிநிதி எழுந்து இதை ஏற்கவில்லை என்று சொன்னார். மறுபடியும் முரண்டு பிடிக்கிற நாடு என்று பேச்சு வந்தது. லண்டன் 1990 தெரிந்தவர்கள் அப்படிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஓசோனைக் கெடுக்காத எச்.எஃப்.சி. வாயுக்கள் புவியைச் சூடாக்குகின்றன. ஆகவே 2016 அக்டோபர் 15 அன்று ருவாண்டாவின் கிகாலி நகரத்தில் அவற்றையும் மான்ட்ரியால் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தார்கள். இங்கேயும் இந்தியா பேரம் பேசியது. பணக்கார நாடுகள் 2019-இல் குறைக்க ஆரம்பிக்க, சீனாவும் பெரும்பாலான வளரும் நாடுகளும் 2024-இல் நிறுத்திக்கொள்ள, இந்தியாவும் பாகிஸ்தானும் வளைகுடா நாடுகள் சிலவும் அடங்கிய சிறு கூட்டத்துக்கு 2028 வரை தவணை. இந்தியா 2021-இல் இதை ஏற்றுக்கொண்டது. 45 டிகிரி வெயிலில் இன்னும் ஏ.சி. வாங்காத வீடுகள்தான் நம் நாட்டில் அதிகம் என்பதுதான் இந்தப் பேரத்தின் அடி.

2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளின் புழக்கம்தான் நம் நாட்டின் அளவுகோலுக்கு அடிப்படை. அங்கிருந்து 2032-இல் 10 சதவீதம், 2037-இல் 20, 2042-இல் 30, 2047-இல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். புதிய ஏ.சி.களில் வருகிற ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290 நன்றாகவே பிடிக்கும், அது புரொப்பேன். மிட்ஜ்லி ஊதி அணைத்த மெழுகுவர்த்தியை இதன் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. கிகாலிக்கு என்று வருகிற பணத்தில் ஆலைக்கு எவ்வளவு, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டிய ஆண்டுகள் இவை.